காணி ஏன் கைமாறுகிறது?

நிலத்தை விற்கின்றவன் நிலத்தின்மீது பற்று இல்லாதவன் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். மேடைப் பேச்சுக்கு அந்த முடிவு உதவும். பொருளியல் பாடத்திற்கு உதவாது. பற்று மிக்கவர்களே, காக்க வேண்டும் என்று இரண்டு தலைமுறை பாடுபட்டவர்களே, ஒரு நாள் பத்திரப் பதிவு அலுவலகத்தின் படியேறுகிறார்கள். அது ஏன்? சட்டம் அவர்களைக் காக்கவில்லையா? குடும்பம் காக்கவில்லையா? போராட்டம் காக்கவில்லையா? மூன்றும் காத்தன. எந்த அளவுக்குக் காத்தன, எந்த இடத்தில் கைவிட்டன என்பதைச் சற்று ஆராய்வோம். மைசூரில் பயிலும் நமக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நஞ்சன்கூடு சாலையில் பேருந்தில் சென்றாலே போதும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'காணி' என்பது தமிழில் ஒரு நில அளவை. அதே சொல் வழிவழி வரும் நிலவுரிமையையும் குறிக்கும். அளவுக்கும் உரிமைக்கும் ஒரே சொல்லை வைத்த மக்கள் நிலத்தை எப்படி நினைத்தார்கள் என்பது வெளிப்படை. ஆயினும் அவர்கள் நிலத்தை விற்காதவர்கள் அல்லர். கல்வெட்டுகளில் 'விலையாவணம்' என்ற சொல் வருகிறது. விற்பனை இல்லாமல் விற்பனைப் பத்திரத்திற்குப் பெயர் ஏது? ஆனால் அவ்வுரிமை தனி மனிதன் நினைத்தவுடன் கைமாற்றும் பொருளாக எங்கும் இருந்துவிடவில்லை. தஞ்சைப் பகுதியிலும் தொண்டை நாட்டிலும் சில ஊர்களில் நிலம் ஊர்ப் பங்காளிகளுக்குப் பொதுவாய் இருந்தது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை 'கரையீடு' செய்து யார் எந்த வயலை உழுவது என்று மாற்றிக்கொண்டார்கள். எல்லிசு துரை 1818 ஆம் ஆண்டில் மிராசு உரிமை பற்றி எழுதியபோது வெள்ளையர் ஆட்சிக்கு விளங்காமல் இருந்த செய்தி இதுவே. நமக்கு அண்டையிலுள்ள குடகிலும் 'ஜம்மா' நிலம் என்று ஒன்று உண்டு. அது 'ஒக்க' எனப்படும் பெருங்குடும்பத்தின் உடைமை. பழைய வழக்கப்படி அதைப் பங்கிடவும் முடியாது, பிறர்க்கு விற்கவும் முடியாது. இப்படிப்பட்ட கட்டுகள் நிலத்தைக் காத்தன என்பது உண்மை. யாருடைய நிலத்தைக் காத்தன என்று கேட்டால் விடை அவ்வளவு இனிமையாக இராது. உழுதவனுக்குப் பெரும்பாலும் அங்கே பங்கு இல்லை.

உழுதவனுக்குப் பங்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். மைசூர் மாநிலத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961 இல் இயற்றப்பட்டு 1965 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பல் முளைத்தது 1974 இல். அப்போது முதலமைச்சராய் இருந்தவர் தேவராஜ் அர்சு. நம் மைசூர் மாவட்டத்து ஹுணசூர் பகுதிக்காரர். குத்தகை நிலங்கள் யாவும் 1974 மார்ச்சு முதல் நாளில் அரசைச் சேர்ந்தன. உழுத குத்தகையாளர் '7 ஆம் எண் படிவம்' எழுதிக் கொடுத்து, வட்டந்தோறும் அமைந்த நிலத் தீர்ப்பு மன்றத்தின் முன் நின்று தம் உரிமையைப் பெற்றார்கள். மனு கொடுக்க 1979 சூன் இறுதிவரை காலம் இருந்தது. இன்றும் இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் முதியவர்கள் பத்திரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். "ஃபாரம் ஏழு" என்பார்கள். அதுதான் அவர்களுக்குப் பத்திரம்.

இச்சட்டத்தை வகுத்தவர்கள் ஏமாளிகள் அல்லர். இன்று நிலம் பெற்ற ஏழை நாளை அதைப் பணக்காரனுக்கு விற்றுவிடுவான் என்று அறிந்திருந்தார்கள். ஆகவே இரண்டு வேலி போட்டார்கள். ஒன்று விற்பவனுக்கு: தீர்ப்பு மன்றத்தின் ஆணை நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கவோ கொடையாகத் தரவோ கூடாது, குடும்பத்துக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். மற்றொன்று வாங்குபவனுக்கு: 79 ஆம் பிரிவின் உட்பிரிவுகள். வேளாண்மை அல்லாத வருமானம் குறித்த அளவுக்கு மேல் உள்ளவரும், நிறுவனங்களும் விளைநிலம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வருமான எல்லை 2015 இல் 2 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. 2020 இல் வேலியே பிடுங்கப்பட்டது. இன்று கருநாடகத்தில் உழவர் அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம்.

வேலியைப் பிடுங்கியது சரியா என்று நம் விடுதியில் பலமுறை வாதாடியிருக்கிறோம். பிடுங்கியோர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. 'என் நிலத்தை வாங்கும் தகுதி பத்துப் பேருக்கே உண்டு என்றால், அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து வைப்பதுதானே விலை?' என்று உழவன் கேட்டால் மறுமொழி சொல்வது கடினம். பொய்யான உழவர் சான்று வாங்கி நிலம் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்பதும் நாடறிந்த கதை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வாங்குவோர் கூட்டம் சிறிதாய் இருந்தவரை நிலத்தின் விலை விளைச்சலைச் சுற்றியே திரிந்தது. கூட்டம் பெரிதானதும் விலை விளைச்சலை விட்டுப் பறந்தது. அந்தப் பறத்தல்தான் நம் பாடத்தின் நடுவிடம். அதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். கணக்கு என் தாய்வீட்டு நிலத்தினுடையது. சொந்தக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்முள் பலர் வீட்டுக் கதை இதுதான்.

என் தாயின் தந்தையார் நஞ்சன்கூடு பக்கத்தில் 3 ஏக்கர் 20 குண்டே நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அவர் முன்னோர் கொடிக்கால் வேலை தெரிந்து தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியவர்கள். ஃபாரம் ஏழு கொடுத்து நிலத்தைப் பெற்றார். விற்கக் கூடாத 15 ஆண்டுகள் கழிந்தன, அவர் விற்கவில்லை. உயில் எழுதாமல் 1998 இல் காலமானார். இரண்டு ஆண், இரண்டு பெண்: நான்கு பிள்ளைகள். பெரிய மாமா கொடிக்காலோடும் வாழையோடும் அங்கேயே இருக்கிறார். மற்ற மூவர் வெளியூர்களில். பல ஆண்டுகள் எவரும் பங்கு கேட்கவில்லை. பொங்கலுக்கு வெற்றிலையும் வாழைத்தாரும் வந்தால் போதும் என்று இருந்தார்கள். இப்போது சின்ன மாமாவுக்குக் கடன் நெருக்கடி. சித்திக்கு மகள் படிப்பு. என் தாய்க்கு இன்னும் மனம் ஒருநிலைப்படவில்லை. மனைப்பிரிவு போடும் ஒருவர் குண்டே ஒன்றுக்கு 4 இலட்சம் என்று விலை பேசியிருக்கிறார்.

40 குண்டே ஓர் ஏக்கர். ஆகவே ஏக்கர் 1 கோடியே 60 இலட்சம். மாமாவுக்கு நல்ல ஆண்டில் செலவு போக ஏக்கருக்கு 80,000 ரூபாய் மிஞ்சுகிறது. தம் உழைப்புக்குக் கூலி என்று அவர் எதையும் கழிப்பதில்லை. ஆண்டுக்கு 80,000 தரும் ஒரு பொருளை, 8 விழுக்காடு வட்டி எதிர்பார்க்கும் ஒருவன் என்ன விலைக்கு வாங்குவான்? 10 இலட்சத்திற்கு. பொருளியலில் இதனை வருவாய் மதிப்பு எனலாம். உழுபவனுக்கு அந்த ஏக்கர் 10 இலட்சம் பெறும்; மனை போடுபவருக்கு 160 இலட்சம் பெறும். பதினாறு மடங்கு!

மனை போடுபவர் அறிவிலியா? அன்று. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போகப் பாதிக்குச் சற்று மேல் விற்பனைக்கு நிற்கும். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் ஏறத்தாழ இருபது மனை. சதுர அடி 2,000 என்று வைத்தாலும் 4 கோடியே 80 இலட்சம். வழிச்செலவு, மாற்றுக் கட்டணம், வட்டி எல்லாம் கழித்தாலும் அவருக்கு ஆதாயம் உண்டு. அவர் மண்ணை வாங்கவில்லை. மண் கிடக்கும் இடத்தை வாங்குகிறார். வெளிவட்டச் சாலையும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர் விரைவுச் சாலையும் அந்த இடத்திற்கு விலை சேர்த்தன. மாமா அதற்காக ஒரு கூடை எருவும் இடவில்லை என்பது எவ்வளவு உண்மையோ, மனை போடுபவரும் இடவில்லை என்பதும் அவ்வளவே உண்மை.

இனி உடன்பிறந்தார் பக்கம் நின்று பாருங்கள். ஒவ்வொருவர் பங்கும் 35 குண்டே. விலை 1 கோடியே 40 இலட்சம். அதனை வங்கியில் 7 விழுக்காட்டில் இட்டால் ஆண்டுக்கு 9 இலட்சத்து 80 ஆயிரம். நிலத்திலேயே விட்டுவைத்தால், மாமா நேர்மையாய்ப் பங்கிட்டுக் கொடுத்தாலும், 70,000. 'விற்காதே' என்று தங்கையைப் பார்த்துச் சொல்வது, 'ஆண்டுதோறும் 9 இலட்சத்தை எனக்காக விட்டுக்கொடு' என்று சொல்வதற்கு நிகர். அன்புள்ளவர்கள் சில ஆண்டுகள் விட்டுக்கொடுப்பார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது எவரால் இயலும்?

இந்த இடத்தில் பெண்களின் உரிமையைக் குறை சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. "பெண்ணுக்குப் பங்கு வந்தது, நிலம் துண்டாயிற்று" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழ்நாடு 1989 இலும் கருநாடகம் 1994 இலும் இந்திய அரசு 2005 இலும் பிறப்புரிமைப் பங்கைப் பெண்ணுக்கு நீட்டின. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் ஐயமறத் தெளிவாக்கியது. அதற்கு முன் துண்டாகாமல் இருந்ததா நிலம்? நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 1970-71 இல் 2.28 எக்டேர், 2015-16 இல் 1.08 எக்டேர். ஆண் மக்கள் மட்டும் பங்கிட்ட காலத்திலேயே அது சுருங்கத் தொடங்கிவிட்டது. பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த புடவையும் மஞ்சளும்தான் பல குடும்பங்களில் நிலத்தைக் காத்த 'முயற்சி'. அம்முயற்சியின் செலவை ஒருவர் மட்டுமே ஏற்றார்.

சரி, சட்டத்தில் வேறு வழி இல்லையா? உண்டு. பலர் அறியாத வழி. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு. உயில் இல்லாமல் இறந்தவரின் அசையாச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகள் இருவர்க்கோ பலர்க்கோ சேர்ந்திருக்க, அவருள் ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால், அதனை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. விலையில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் விலையை வகுக்கும். வாங்க விரும்புவோர் பலரானால் மிகுதியாகத் தருபவர்க்கு. இப்பிரிவு விளைநிலத்திற்குப் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் நெடுநாள் வேறுபட்டு நின்றன. வேளாண் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் அன்றோ! இமாசலப் பிரதேசத்திலிருந்து சென்ற பாபு ராம் – சந்தோக் சிங் வழக்கில் 2019 இல் உச்ச நீதிமன்றம், பொருந்தும் என்று முடிவு கூறியது. வாரிசு முறை வேறு, நில ஆட்சி வேறு. முன்னுரிமை வாரிசு முறையைச் சார்ந்தது என்பது அதன் கருத்து.

மாமாவிடம் இதனை நான் படித்துக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவரே கேட்டார்: "விலையை நீதிமன்றம் வகுக்கும் என்கிறாயே, எந்த விலை?" சட்டம் படிக்காதவர் கேட்ட கேள்வி, சட்டத்தின் உயிர்நிலையில் பட்ட கேள்வி. பிரிவில் 'விலை' என்று மட்டும் இருக்கிறது. வருவாய் மதிப்பா, சந்தை மதிப்பா என்று இல்லை. பங்கை இழக்கும் சின்ன மாமாவுக்குச் சந்தை விலைக்குக் குறைத்துக் கொடுக்கச் சொல்ல எந்த நீதிபதிக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அப்படியானால் விற்க நினைக்கும் இருவர் பங்கையும் வாங்க மாமாவுக்கு 2 கோடியே 80 இலட்சம் வேண்டும். மூன்றரை ஏக்கரிலும் அவருக்கு ஆண்டுக்கு மிஞ்சுவது 2 இலட்சத்து 80 ஆயிரம். உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் நூறு ஆண்டு! இன்னொரு நுட்பமும் அப்பிரிவில் உண்டு. மனுச் செய்தவர் நீதிமன்றம் வகுத்த விலைக்கு வாங்க முடியாமல் பின்வாங்கினால், வழக்குச் செலவு முழுதும் அவர் தலையில். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டோம். பயிருக்குக் கடன் உண்டு, பங்கு வாங்கக் கடன் இல்லை என்றார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை; இரண்டே முக்கால் இலட்சம் வருமானத்தை நம்பி இரண்டே முக்கால் கோடி கடன் கொடுக்கும் சங்கம் அடுத்த ஆண்டு இராது.

ஆக, முன்னுரிமை என்பது காசுள்ளவனுக்கே உரிமை. ஏனையோர்க்கு அது ஒரு மரியாதை அறிவிப்பு.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின உழவர்கள் அடிமைத்தளை நீங்கிய பின் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1910 ஆம் ஆண்டளவில் ஒன்றரைக் கோடி ஏக்கர் அளவுக்கு நிலம் கொண்டிருந்தார்கள். பின்னர் அதில் பெரும்பகுதி போயிற்று. போன வழிகளுள் ஒன்று நம் கதையே: உயில் எழுதாத மூதாதை, பல ஊர்களில் சிதறிய வாரிசுகள், அவர்களுள் ஒருவரின் சிறு பங்கை வாங்கிய வெளியாள், அவர் போட்ட பாகப் பிரிவினை வழக்கு, 'பங்கிட இயலாது, ஏலம் விடுக' என்ற தீர்ப்பு. இதனைத் தடுக்க 2010 இல் அங்கே ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாய் அதனை ஏற்று வருகின்றன. நம் நாட்டிலும் 1893 ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைச் சட்டத்தின்படி, பாதிப் பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டால், பங்கிடுவதைவிட விற்பது நன்று என்று கருதும் நீதிமன்றம் விற்க ஆணையிடலாம். எங்கள் வீட்டில் இருவர் சேர்ந்தால் பாதி.

குடும்பத்தை விட்டு ஊரைப் பார்ப்போம். ஓர் ஊரே ஒன்றுகூடிக் காத்தால்? அதற்கும் நம் மாநிலத்தில் அண்மைச் சான்று உண்டு. பெங்களூர் ஊரக மாவட்டம் தேவனஹள்ளி வட்டத்துச் சன்னராயப்பட்டணப் பகுதியில் 13 ஊர்களைச் சேர்ந்த 1,777 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கென எடுக்கக் கருநாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் முனைந்தது. விமான நிலையத்தின் அண்மை. விமானத் தொழிற் பூங்கா என்பது திட்டம். திராட்சையும் மல்பெரியும் கேழ்வரகும் பூவும் காய்கறியும் விளையும் மண். 2022 ஏப்ரல் 4 ஆம் நாள் உழவர்கள் அறப்போரில் அமர்ந்தார்கள். மழை, தேர்தல், ஆட்சி மாற்றம், கைது எல்லாம் வந்து போயின, அவர்கள் எழவில்லை. 2025 சூலை 15 இல் முதலமைச்சர் சித்தராமையா நில எடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார். எண்ணிப் பார்த்தால் 1,198 நாட்கள்! அண்மைக் காலத்தில் தென்னாட்டில் உழவர் பெற்ற பெரு வெற்றிகளுள் இதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அதே அறிவிப்பில் ஒரு வாக்கியம் உண்டு: தாமாக விரும்பித் தருவோரிடமிருந்து நிலம் பெறப்படும் என்பது. நாளிதழ்கள் தலைப்பில் இடாத அவ்வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். அரசு பறிப்பதை எதிர்த்துப் பந்தலில் உட்காரலாம். தம்பி விற்பதை எதிர்த்து எந்தப் பந்தலில் உட்காருவது? போராட்டம் காக்கக்கூடியது நிலத்தின்மீது உழவனுக்குள்ள 'வேண்டாம்' என்னும் உரிமையை. 'சரி' என்று சொல்லத் தூண்டும் கணக்கை அது தொடுவதில்லை. தேவனஹள்ளியில் அந்தக் கணக்கு எங்கள் ஊர்க் கணக்கைவிடக் கூர்மையானது.

காவிரிப் படுகையைக் காக்கத் தமிழ்நாடு 2020 இல் இயற்றிய சட்டத்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். எண்ணெய், எரிவளித் தேடலையும், செம்பு, துத்தநாக உருக்காலைகளையும், தோல் பதனிடும் ஆலையையும் அது தடுக்கிறது, பெரும் பேறு. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை.

பெயரைக் காப்பாற்றும் முயற்சி ஒன்றும் இங்கு நடந்தது. மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூட்டு ரசவாழை மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. பழைய அக்கிரகாரத்திலிருந்து நஞ்சன்கூடு சாலைவரை பரந்து கிடந்த கொடிக்கால்களில் மிஞ்சியவை சிலவே. 'எலெ தோட்டம்' என்ற பெயர் மட்டும் நன்றாக மிஞ்சியிருக்கிறது. ரசவாழையை வாடல் நோயும் சேர்ந்து அரித்தது. வேறு மண்ணில் விளைந்த இலையை மைசூர் இலை என்று விற்கக் கூடாது என்று குறியீடு சொல்லும். மைசூர் மண்ணில் வீடு கட்டக் கூடாது என்று அது சொல்லாது. கொடிக்காலுக்கு ஒரு தனித் துன்பமும் உண்டு. அகத்தி வளர்த்து, நிழல் கட்டி, கொடி ஏற்றி, முதல் கிள்ளு எடுக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். நாளை விற்கப்படலாம் என்ற ஐயத்தில் இருப்பவன் புதுக் கொடி நடமாட்டான். மாமா நட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. விற்பனைக்கு முன்பே நிலம் விலகத் தொடங்குவது இப்படித்தான்.

பிற நாடுகள் என்ன செய்தன? இரண்டைச் சுருக்கமாகவும் ஒன்றை விரிவாகவும் சொல்கிறேன்.

சப்பான் தன் நகரங்களுக்குள் இருக்கும் வயல்களுக்கு, 30 ஆண்டு உழவே செய்வேன் என்று ஒப்புக்கொண்டால் வரிச் சலுகை என்று 1991 இல் சட்டத்தைத் திருத்தியது. முப்பதாண்டு 2022 இல் முடிந்தது. எல்லாம் மனையாகும் என்று அஞ்சினார்கள். முன்கூட்டியே பத்தாண்டு நீட்டிப்புக்கு வழி செய்திருந்ததால் பெரும்பாலானவை தப்பின. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சஃபோக் மாவட்டம் 1974 இல் ஒரு புதுமை செய்தது. நிலத்தை உழவனிடமே விட்டுவிட்டு, அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும் அரசு பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். மேலே சொன்ன 160 இலட்சத்திற்கும் 10 இலட்சத்திற்கும் உள்ள இடைவெளியைப் பொதுப் பணம் நிரப்புகிறது என்று பொருள். அறிவார்ந்த முறை. ஆயினும் வெர்மான்டு, மாசசூசெட்சு போன்ற மாநிலங்களில் ஒரு வேடிக்கை கண்டார்கள். வீட்டுமனை போட முடியாத அழகிய பண்ணையைச் செல்வர்கள் தம் ஒரே மாளிகைக்கு வாங்கத் தொடங்கினார்கள். நிலம் காக்கப்பட்டது, உழவன் காக்கப்படவில்லை! அதற்குப் பிறகு, உழவர் அல்லாதவர்க்கு விற்க முனைந்தால் உழவு மதிப்பில் தாமே வாங்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள்.

என் மனத்தைக் கவர்ந்தது சுவிட்சர்லாந்தின் சட்டம். 1991 இல் இயற்றி 1994 இல் நடைமுறைக்கு வந்த வேளாண் நிலச் சட்டம். வாரிசுகளுள் எவர் தம் கையால் உழப் போகிறாரோ அவர் பண்ணை முழுவதையும் வருவாய் மதிப்பில் கேட்டுப் பெறலாம். எங்கள் கணக்கில் சொன்னால் ஏக்கர் 10 இலட்சம், 160 அன்று. மற்றவர்க்கு இது அநீதி அல்லவா? அதற்கும் அவர்கள் வழி வைத்தார்கள். 25 ஆண்டுகளுக்குள் அவர் அந்நிலத்தை விற்று ஆதாயம் கண்டால் உடன்பிறந்தார் அனைவரும் அதில் பங்கு கேட்கலாம். உழும்வரை உழவு விலை. விற்றால் சந்தை விலையில் எல்லோர்க்கும் பங்கு. அண்ணன் நிலத்தின்மீது கொண்ட பற்று உண்மையா, நடிப்பா என்பதை அந்த 25 ஆண்டு காட்டிவிடும்.

இதனை அப்படியே இங்குக் கொண்டு வரலாமா? எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இங்கே 'தம் கையால் உழப் போகும் வாரிசு' யார்? நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் ஆண்பிள்ளை. நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் வெற்றிலை அடுக்கிக் கவுளி கட்டியவளும் பஹணியில் உழவராய்ப் பதியப்படுவதில்லை. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த பங்கு, பதினாறில் ஒன்றாகச் சுருங்கினால் பெண்கள் மீண்டும் விடுதலைப் பத்திர காலத்திற்கே போவார்கள். ஆகவே சுவிட்சர்லாந்தின் முறையோடு சஃபோக் முறையையும் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். உழுபவர் உழவு மதிப்பைத் தரட்டும். விடுபட்ட மதிப்பில் ஒரு பகுதியையாவது அந்த நிலத்தைச் சுற்றி விரிகின்ற நகரம் தரட்டும். சாலை போட்டு விலையை ஏற்றியது நகரம்; வெற்றிலை வேண்டும் என்பதும், நிலத்தடி நீர் வேண்டும் என்பதும் நகரம். 1903 இலேயே நகர மேம்பாட்டுக்கென ஒரு தனி வாரியம் அமைத்த ஊர் இது. தோட்டத்தை மேம்பாட்டின் ஒரு கூறாக எண்ணுவது இவ்வூருக்கு எட்டாத சிந்தனை அன்று. பொருளியல் பயிலும் நண்பர்கள் எவரேனும் மைசூரைச் சுற்றியுள்ள நிலத்திற்கு இந்த இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது நல்ல ஆய்வுக் கட்டுரையாகும். நான் உதவக் காத்திருக்கிறேன்.

சட்டம் வரும்வரை காத்திராமல் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு பேசப்படுகிறது. என் தாய் தம் பங்கை விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடவும் மறுத்துவிட்டார். மாமா ஆண்டுதோறும் அவருக்குக் குத்தகை தர வேண்டும். நிலம் என்றேனும் விலைப்பட்டால் அன்றைய விலையில் பங்கு. இதனை எழுத்தில் வைத்துப் பதிவும் செய்யப் போகிறார்கள். சித்தி, மகள் படிப்புக்கு வேண்டிய தொகையை மூன்று தவணையில் மாமா தந்தால் மீதிக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறார். சின்ன மாமாவின் கடன் காத்திராது. அவருடைய 35 குண்டே போகிறது; இதில் எவர்க்கும் அவர்மேல் மனத்தாங்கல் இல்லை. வாங்குபவர் சாலையை ஒட்டிய பக்கத்தைக் கேட்கிறார். சாலைப் பக்கத்தில்தான் கிணறும் இருக்கிறது. கிணறு மனைப்பிரிவுக்குள் போனால் மிஞ்சும் இரண்டரை ஏக்கருக்குத் தண்ணீர் இல்லை. கிணற்றை விட்டுக் கோணலாய் அளந்தால் குண்டேக்கு 4 இலட்சம் என்பது 3 ஆகும் என்கிறார் தரகர். அந்த 35 இலட்சத்தை யார் ஏற்பது என்பதே இப்போதைய பேச்சு. நில அளவையர் அடுத்த மாதம் வருகிறார்.